சில்லின் சூட்டைத் தணிக்கும் கணக்கு

கணினியைத் திறந்து, சில்லின் மேலுள்ள அலுமினியத் தகடுகளில் தூசு தட்டும்போதெல்லாம் எனக்கு ஜோசப் ஃபூரியர் நினைவுக்கு வருவார். 1768இல் பிரான்சின் ஒசேர் நகரில் தையல்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். புரட்சிக் காலத்தில் சிறைப்பட்டார்; பின்பு நெப்போலியனின் படையெடுப்பில் எகிப்து சென்றார். நாடு திரும்பி, கிரெனோபிளில் அரசு நிர்வாகியாக இருந்துகொண்டே, உலோகத்தில் வெப்பம் எப்படிப் பரவிக் காற்றில் கலக்கிறது என்று கணக்கிட்டார். 1807இல் அளித்த ஆய்வை லக்ராஞ்சு போன்ற மேதைகள் ஏற்கவில்லை. அவரோ விடவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 1822இல் அதை நூலாக்கினார், 1830இல் மறைந்தார்.

சில்லின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் அந்தத் தகடுகளின் நீளமும் தடிமனும் இன்றும் அவர் தந்த விதியைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. மாணவர்களே, உங்கள் உழைப்பை யாரேனும் ஏற்க மறுத்தால் ஃபூரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.