ரகசியத்தை ஊருக்குச் சொன்ன மிட்டாய்க்காரர்

வசந்த காலத்தில் பறித்த பட்டாணியைப் பனிக்காலத்தில் சாப்பிட முடியுமா?

முடியும் என்று காட்டினார், ஒரு மிட்டாய்க்கடைக்காரர். அவர் பெயர் நிக்கோலா அப்பேர்.

பிரான்சு நாட்டில், ஷாலோன் என்ற ஊரில் 1749-ல் பிறந்தார். தந்தை விடுதி நடத்தி வந்தார். மகன் பெரியவனாகி, ஒரு பிரபுவின் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தார். பிறகு பாரிஸில் மிட்டாய்க்கடை வைத்தார்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அப்பேரும் அதில் சேர்ந்தார். அப்படியும் 1794-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். தலை தப்பியது!

அந்நாளில் பழங்களைச் சர்க்கரைப் பாகில் போட்டு வைப்பார்கள். காய்களை உப்பிலோ காடியிலோ ஊற வைப்பார்கள். கெடாது. ஆனால் பண்டத்தின் சொந்த ருசி போய்விடும். சர்க்கரையோ யானை விலை!

ருசியும் போகக்கூடாது, பண்டமும் கெடக்கூடாது. அதற்கு வழி என்ன? அப்பேர் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தார்.

தடித்த கண்ணாடிப் பாட்டிலில் காயையோ பழத்தையோ நிரப்பினார். தக்கையை இறுக அடித்து, கம்பியால் கட்டினார். பாட்டிலைத் துணிப்பைக்குள் போட்டு, அண்டாத் தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிட்டார். அவ்வளவுதான். கடற்படையினர் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்தும் பட்டாணி கெடவில்லை.

ஏன் கெடவில்லை? அப்பேருக்கே சரியாகத் தெரியாது! கெடுப்பவை கிருமிகள் என்று பாஸ்டர் விளக்கியது 1860-களில்தான். (பட்டாணி போன்ற புளிப்பில்லாத காய்களுக்குக் கொதிநீர்ச் சூடு போதாது என்பது இன்று தெரிந்த விஷயம். வீட்டில் அப்படிச் செய்து வைப்பது ஆபத்து.)

1810-ல் சர்க்கார் அவரிடம் இரண்டு வழிகளைச் சொன்னது. காப்புரிமை வாங்கித் தாமே சம்பாதிக்கலாம். அல்லது 12,000 பிராங்கு பெற்றுக்கொண்டு, முறையை அச்சிட்டு எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

அப்பேர் சொல்லிவிட்டார். எந்தக் காய்க்கு எவ்வளவு நேரம் என்பதுவரை புத்தகத்தில் எழுதினார். அச்சுச் செலவும் அவருடையதே!

அதே ஆண்டில் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். தகர டப்பாவும் அதில் சேர்ந்தது. லாபம் கடல் கடந்து போயிற்று.

அப்பேருக்கு மாசி என்ற ஊரில் ஆலை இருந்தது. 1814-ல் நெப்போலியன் மீது படையெடுத்து வந்தவர்கள் அதை நாசமாக்கினார்கள். கிழவர் மறுபடி தொடங்கினார். 1822-ல் அவருக்கு மனித குலத்தின் உபகாரி என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் வந்தது, பணம் வரவில்லை.

1841 ஜூன் 1-ந் தேதி, மாசியில் இறந்தார். வயது 91. கையில் காசில்லை. பொதுக்குழியில் புதைத்தார்கள்.