கடிகாரத்தின்முன் அமர்ந்த நாவலாசிரியர்

ஆங்கில நாவலாசிரியருள் ஆன்டனி டிராலப் நம் போன்ற ஆபீஸ் மனிதருக்கு மிகவும் நெருங்கியவர். பிரிட்டிஷ் தபால் இலாகாவில் 33 ஆண்டுகள் ஊழியம் புரிந்தவர். 47 நாவல்களும் எழுதியவர்.

1815-இல் இலண்டனில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர் தொழிலில் தோற்று, விவசாயத்திலும் தோற்றார். செல்வர் பிள்ளைகள் பயிலும் ஹாரோ பள்ளிக்கு அச்சிறுவர் சேற்றுப் பாதையில் நாள்தோறும் நடந்து சென்றார்; அழுக்கேறிய உடைக்காக இகழப்பட்டார். 1834-இல் கடன்காரருக்கு அஞ்சிக் குடும்பம் பெல்ஜியத்திற்குச் சென்றது. அங்கே நோயுற்ற கணவருக்கும் மகனுக்கும் பணிவிடை செய்துகொண்டே, தாயார் பிரான்ஸெஸ் நாவல் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுத்துத் துறைக்கு வந்த அம்மாதரசி, விடியற்காலை நான்கு மணிக்கே மேசைமுன் அமர்வார். மகனுக்கு வாய்த்த உண்மையான பள்ளி அதுவே என்பது என் எண்ணம்.

அதே ஆண்டில், 19-ஆம் வயதில், டிராலப் இலண்டன் தபால் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவானார். தாமதமாக வருவதும் மேலதிகாரியிடம் வசை கேட்பதுமாக ஏழு ஆண்டுகள் கழிந்தன. 1841-இல் பிறர் விரும்பாத அயர்லாந்து உத்தியோகத்தை வலியக் கேட்டுப் பெற்றார். அங்கேதான் எழுதத் தொடங்கினார். 1847-இல் வந்த முதல் நாவலை வாங்குவாரில்லை. இரண்டாவது 375 பிரதிகள் அச்சாகி 140 மட்டுமே விற்றது. மூன்றாவதும் எடுபடவில்லை. 1855-இல் வெளிவந்த 'தி வார்டன்' முதல் ஆண்டில் ஈட்டியது ஒன்பது பவுன் சொச்சம்.

தபால் வினியோகத்தைச் சீர்படுத்த அவர் ஓயாது பயணம் செய்ய வேண்டியிருந்தது. (ஜெர்ஸித் தீவில் 1852-இல் தெருவோரத் தபால் பெட்டி வந்ததும் அவர் யோசனையினாலேயே.) இரயிலில் வீணாகும் நேரத்தைக் கண்டு, எழுதுவதற்கு ஒரு சிறு பலகை செய்துகொண்டு பென்சிலால் எழுதலானார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' பெரும்பகுதி இவ்வாறே உருவாயிற்று. ஓடும் வண்டியில் எழுதிய எழுத்தை நானறிவேன். மறுநாள் எழுதியவருக்கே விளங்காது. அதனைப் பொறுமையுடன் தெளிவாகப் படியெடுத்தவர் மனைவி ரோஸ். அவ்வம்மையாரின் பெயரை இன்று நினைப்பார் சிலரே.

1859-இல் இலண்டனுக்கு அருகே வால்தம் கிராஸில் குடியேறினார். காலை 5.30 மணிக்கு மேசை முன் இருப்பார். எழுப்பிக் காப்பி கொடுக்கும் குதிரைக்காரக் கிழவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகப்படி ஊதியம். தம் வெற்றிக்கு அக்கிழவரிடமே பெரிதும் கடன்பட்டிருப்பதாகக் கருதினார். முதல் அரைமணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். பின்பு கடிகாரத்தை முன்வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள். 8.30 மணிக்கு எழுத்து முடியும். அதன்பின் இலாகா வேலை. நாள்தோறும் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கேடும் உண்டு. எழுதாத நாள் அதில் வெறுமையாக நின்று கண்ணை உறுத்தும். 1858-இல் தபால் அலுவலாக எகிப்துக்குக் கப்பலேறியபோது குமட்டல் வாட்டியது. எழுதுவதை இடையில் விட்டு ஓடித் திரும்பி வந்து மீண்டும் எழுதினார். ஒரு நாவல் முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார்.

பதவி உயர்வில் ஏமாற்றமடைந்து, ஓய்வூதியத்தையும் இழந்து, 1867-இல் பணி துறந்தார். 1882-இல் காலமானார். மறு ஆண்டு வெளிவந்த சுயசரிதையில் இக்கணக்குகளை எல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கடிகாரம் பார்த்து எழுதியவர் கலைஞராவாரா எனப் பலர் முகம் சுளித்தனர். அவர் புகழும் நெடுங்காலம் மங்கியிருந்தது. அவர்கள் அந்தத் தாயாரின் விடியற்கால மேசையை எண்ணிப் பார்க்கவில்லை போலும். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில மக்கள் அந்நாவல்களை மீண்டும் விரும்பிப் படித்தனர்.

இறக்கும்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'தி லேண்ட்லீகர்ஸ்' முற்றுப்பெறவில்லை. முதல் நாவலைப் போலவே அதுவும் அயர்லாந்துக் கதை.