என்ஜின் மன்னன் மிக்கி தாம்சன்: 654 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொலை

அமெரிக்காவில் கார் பந்தய ரசிகர்கள் நாலு பேர் கூடினால் மிக்கி தாம்சன் பேச்சு வராமல் இருக்காது. என்ஜினை அவரே கட்டுவார். அவரே ஓட்டுவார். அப்பேர்ப்பட்ட ஆளை 1988-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி காலையில் வீட்டு வாசலிலேயே சுட்டுத் தள்ளிவிட்டார்கள். மனைவி டிரூடியும் பலியானார்.

அச்சுக்கூடத் தொழிலாளி

மிக்கி 1928-ல் கலிபோர்னியா மாநிலம் அல்ஹாம்ப்ராவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் வேலை. வேலை முடிந்தால் கையில் ஸ்பேனர்தான்.

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத ஓட்டம். கால் மைல் தூரம்தான். அதாவது சுமார் 400 மீட்டர். கிளம்பும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் போச்சு!

இதற்கு மிக்கி 1954-ல் ஒரு வழி செய்தார். டிரைவர் சீட்டைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி வைத்தார். எடை பின்னால் போனது. சக்கரம் தரையைக் கவ்வியது. உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி டிரைவர் உட்கார்ந்ததால் அந்தக் காருக்கு ஸ்லிங்ஷாட் என்று பெயர்.

அப்போது வாலிபர்கள் தெருவிலேயே ரேஸ் விட்டு உயிரை விட்டார்கள். அதைத் தடுக்க லயன்ஸ் சங்கத்தார் 1955-ல் லாங் பீச் பக்கம் தனிப் பந்தயத்திடல் திறந்தனர். அதன் மானேஜர் மிக்கிதான்.

4 என்ஜின் கார்

1960 செப்டம்பர் 9. பானவில் உப்புத் திடல். பாண்டியாக் என்ஜின்கள் நாலைப் பூட்டிய சேலஞ்சர் காரில் மணிக்கு 406.6 மைல் வேகத்தில் பறந்தார். 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர் அவரே.

ஆனால் சாதனைப் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் திரும்பியும் ஓட்டிக் காட்ட வேண்டும். திரும்பும்போது கார் பழுதாகிவிட்டது. பட்ட பாடு வீண்!

1964-ல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் அவர் கட்டிய கார் தீப்பிடித்து, ஓட்டிய டேவ் மெக்டொனால்டும் மற்றொரு வீரர் எடி சாக்ஸும் மாண்டார்கள். அது மிக்கி வாழ்க்கையில் ஆறாத வடு.

சைக்கிளில் தப்பினர்

கொலை நடந்தது பிராட்பரி ஊரில். முகத்தை மறைத்த 2 பேர் சுட்டுவிட்டு சைக்கிளில் தப்பினார்கள். டிரூடியின் நகைகளை அவர்கள் தொடவில்லை. கொள்ளைக்கு வந்தவர்கள் இல்லை என்பது போலீசுக்குப் புரிந்தது.

முன்னாள் கூட்டாளி மைக்கேல் குட்வின் மீது சந்தேகம் விழுந்தது. தொழில் தகராறு வழக்கில் மிக்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் அவர் கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மிக்கியின் அக்கா தங்கை உறவில் ஒரே துணையான காலின் கேம்பெல் விடவில்லை. நீதி கேட்டு ஓயாமல் போராடினார்.

கடைசியில் 2007 ஜனவரியில் குட்வின் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆயுள் முழுக்க ஜெயில். சுட்ட இருவர் மட்டும் சிக்கவே இல்லை.

மகன் முடித்த வேலை

மிக்கி 1968-ல் கட்டி, மழையால் ஓட்ட முடியாமல் போன சேலஞ்சர்-2 காரை மகன் டேனி தூசி தட்டி எடுத்தார். 2018 ஆகஸ்டில் அதே பானவில் திடலில் மணிக்கு 448 மைல் வேகத்தில் ஓட்டினார். போகவும் வரவும் ஓடியது கார். சாதனைப் புத்தகத்தில் ஏறியது.