இதயம் உள்ள இயந்திரச் சிறுவன்



என் வீடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. விடிந்தால் போதும், கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். எங்கள் தெருவில் பாதிப் பேர் கார், டயர், கண்ணாடி, செல்போன் என்று ஏதாவது ஒன்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில்தான் வேலை பார்க்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் வீட்டு அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இருவரும் ஜப்பான் நாட்டுக் கார்ட்டூன் தொடர் ஒன்றை விடாமல் பார்ப்பவர்கள். பேய்களோடு வாள் சண்டை போடும் ஒரு வீரனின் கதை அது. சண்டைக் காட்சியில் தீப்பொறிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது, அதனால்தான் அந்தத் தொடர் உயர்ந்தது என்றான் அண்ணன். ஐந்தாம் வகுப்புத் தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. பேசும்போது வாய் மட்டும்தான் அசைகிறது, உடம்பு பொம்மை போல நிற்கிறது என்றாள். ஆனாலும் அந்த வீரன் அழுதபோது தனக்கும் அழுகை வந்துவிட்டதாம். அது எப்படி என்பதுதான் அவளுடைய கேள்வி.

நல்ல கேள்வி! அதற்கு விடை வேண்டுமென்றால் ஒரு மனிதரின் கதையைக் கேட்க வேண்டும். அவர் பெயர் ஒசாமு தெசுகா. ஜப்பான் மக்கள் அவரைச் சித்திரக்கதைகளின் கடவுள் என்றே அழைக்கிறார்கள்.

பூச்சி பிடித்த சிறுவன்

ஒசாமு தெசுகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஒசாகா மாநிலத்தில் உள்ள தொயோனாகா என்ற ஊரில் பிறந்தார். தகராசுகா என்ற ஊரில் வளர்ந்தார். ஒல்லியான உடம்பு, சுருட்டை முடி, கண்ணாடி. கேட்க வேண்டுமா! பள்ளியில் மற்ற பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள்.

ஆனால் அவரிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, பூச்சிகள் மீது ஆசை. வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் தேடித் தேடிப் பார்த்து, அப்படியே நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைப்பார். தம் பெயரோடு பூச்சி என்று பொருள்படும் ஓர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார் என்றால் பாருங்களேன்! மற்றொன்று, அப்பா வீட்டில் வைத்திருந்த சிறிய சினிமாக் கருவி. அதில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படங்களைச் சிறு வயதிலேயே பார்த்தார். அவர் வரைந்த படங்களைப் பார்த்து, கேலி செய்த பிள்ளைகளே நண்பர்கள் ஆனார்கள்.

குண்டு மழையில்

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர்களையும் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். தெசுகாவும் ஒசாகாவில் ஒரு போர்த் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. கண் முன்னே மனிதர்கள் மாண்டார்கள். தெசுகா உயிர் பிழைத்தார். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

அதே ஆண்டு, குண்டுவீச்சில் இடிந்து கிடந்த ஒசாகாவில் ஒரு திரையரங்கம் மட்டும் தப்பி நின்றது. அங்கே ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அழுதார். ஒருநாள் தாமும் இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார்.

போர் முடிந்தது. அமெரிக்கப் படை ஜப்பானில் தங்கியிருந்தது. ஒருநாள் சில அமெரிக்கச் சிப்பாய்கள் தெசுகாவிடம் ஏதோ கேட்டார்கள். அவருக்கு மொழி புரியவில்லை. அடித்துவிட்டார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டால் இவ்வளவு கொடுமை நடக்குமா என்று அவர் மனம் நொந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

டாக்டரா, ஓவியரா?

தெசுகா மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படித்துக்கொண்டே படமும் வரைந்தார். 1946-ஆம் ஆண்டு ஜனவரியில், அவருடைய முதல் சித்திரக்கதை சிறுவர்களுக்கான ஒரு செய்தித்தாளில் வெளிவந்தது. ஆமாம், நீங்கள் கையில் வைத்திருப்பது போன்ற சிறுவர் பக்கங்களில்தான் அவர் வாழ்க்கையும் தொடங்கியது! அடுத்த ஆண்டு வந்த ‘புதிய புதையல் தீவு’ என்ற கதை அவரை நாடறியச் செய்தது.

டாக்டராவதா, ஓவியராவதா? குழம்பிய மகன் தாயிடம் கேட்டார். மனத்துக்குப் பிடித்ததையே செய் என்று தாய் சொல்லிவிட்டார். மகன் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் படிப்பைப் பாதியில் விடவில்லை. மருத்துவத் தேர்வில் தேறினார். 1961-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

வளராத பிள்ளை

1952-ஆம் ஆண்டு ஒரு சிறுவர் இதழில் அவர் தொடங்கிய கதைதான் ‘வலிமைமிக்க அட்டோமு’. அட்டோமு என்றால் அணு. வெளிநாடுகளில் அவனுக்கு ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று பெயர்.

கதை இதுதான். தென்மா என்ற விஞ்ஞானியின் மகன் கார் விபத்தில் இறந்துவிடுகிறான். துயரம் தாங்காத தந்தை, மகனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவனுக்கு ஒரு லட்சம் குதிரைச் சக்தி! வானில் பறப்பான். ஆனால் ஒரு குறை. இயந்திரம் அல்லவா? அவன் வளரவே மாட்டான். இதைக் கண்டு வெறுத்த தந்தை அவனை ஒரு சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். ஒச்சனோமிசு என்ற பெரிய மூக்குப் பேராசிரியர்தான் அவனை மீட்டு, அன்பு காட்டி வளர்க்கிறார்.

பார்த்தீர்களா! அட்டோமு பலசாலி. ஆனால் அப்பாவால் கைவிடப்பட்ட குழந்தை. மனிதர்கள் அவனை இயந்திரம் என்று ஒதுக்குகிறார்கள். அவனோ மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் இடையே சமாதானம் செய்யப் பாடுபடுகிறான். அமெரிக்கச் சிப்பாய்களிடம் அடி வாங்கிய இளைஞரின் வலி இந்த இடத்தில்தான் கதையாக மாறியது.

36,000 கட்டங்கள்

1961-இல் தெசுகா சொந்தமாக ஒரு கார்ட்டூன் நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் முஷி. பூச்சி என்று பொருள்! அட்டோமுவை வாரம் ஒரு முறை, அரை மணி நேரம் டி.வி.யில் காட்டப் போவதாக அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் தெரியுமா?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். விளம்பரம் போக 25 நிமிடம் என்றால் 1,500 நொடி. ஆக 36,000 கட்டங்கள்! ஒரு படத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்துக்கொண்டாலும் 18,000 படங்கள் வரைய வேண்டும். அதுவும் ஒவ்வொரு வாரமும்! யாரால் முடியும்?

தெசுகா சிக்கன வழிகளைக் கையாண்டார். ஒரே படத்தை மூன்று கட்டங்களுக்கு நிறுத்தினார். பேசும்போது முகத்தை அப்படியே வைத்து, வாயை மட்டும் மாற்றி வரைந்தார். பறக்கும் காட்சியில் ஆளை அசைக்காமல் பின்னணி வானத்தை நகர்த்தினார். ஒரு முறை வரைந்த படங்களைப் பத்திரப்படுத்தி வைத்து, வேறு கதைகளிலும் பயன்படுத்தினார். அமெரிக்காவில் ஹன்னா - பார்பெரா நிறுவனம் ஏற்கெனவே இதுபோன்ற சிக்கனத்தைக் கையாண்டு வந்தது. தெசுகா அதை இன்னும் இறுக்கினார். 18,000 படங்கள் தேவைப்படும் இடத்தில் சுமார் 2,000 படங்களில் ஒரு வாரக் கதையை முடித்தார்!

எதிர் வீட்டுத் தங்கை கண்டுபிடித்த வாய் மட்டும் அசையும் இரகசியம் இதுதான்.

1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடர் ஒளிபரப்பானது. படங்கள் வெட்டி வெட்டித்தான் நகர்ந்தன. ஆனால் ஜப்பான் குழந்தைகள் டி.வி. முன்னால் இருந்து எழுந்திருக்கவில்லை! அதே ஆண்டு அமெரிக்காவுக்கும் போனது. மொத்தம் 193 வாரக் கதைகள்.

குழந்தைகளைக் கட்டிப்போட்டது எது? அட்டோமுவின் மனம்தான். புளூட்டோ என்ற எதிரியின் கதையைக் கேளுங்கள். உலகின் சிறந்த ஏழு இயந்திர மனிதர்களையும் அழிப்பதற்கென்றே ஒரு சுல்தான் செய்த முரட்டு இயந்திரம் அது. சாதாரணக் கதையில் அட்டோமு அதை அடித்து நொறுக்கியிருப்பான். இங்கேயோ, எரிமலை சீறி ஊருக்கு ஆபத்து வரும்போது, சண்டையை விட்டுவிட்டுப் புளூட்டோவும் அட்டோமுவுக்குத் துணை நிற்கிறது. எதிரிக்கும் மனம் மாறுகிறது! 1966 டிசம்பர் 31-இல் வந்த கடைசிக் கதையில், சூரியனின் சீற்றத்திலிருந்து பூமியைக் காக்க அட்டோமு தன்னையே பலி கொடுக்கிறான். எத்தனை குழந்தைகள் அன்று அழுதார்களோ!

தவறும் பாடமும்

குழந்தைகளே, பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது வெற்றியை மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது.

தெசுகா தம் தொடரைச் செலவைவிட மிகக் குறைந்த விலைக்கு டி.வி. நிறுவனத்துக்குக் கொடுத்தார். நஷ்டத்தைத் தம் சித்திரக்கதை வருமானத்திலும், அட்டோமு படம் போட்ட மிட்டாய், பொம்மை விற்பனையிலும் ஈடுகட்டினார். ஆனால் ஒருமுறை மலிவு விலை வைத்துவிட்டால் பிறகு ஏற்ற முடியுமா? இரவு பகலாக வரைந்த கலைஞர்களுக்குக் குறைந்த சம்பளமே வழக்கமாகிவிட்டது என்று பின்னாளில் பலர் வருந்தினார்கள். புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி இதை வெளிப்படையாகவே கண்டித்தார்.

1965-இல் ‘காட்டு அரசன்’ என்ற வெள்ளைச் சிங்கக் கதையை வண்ணத் தொடராக எடுத்தார். 1969-இல் ‘தொரோரோ’ வந்தது. பேய்களிடம் பறிகொடுத்த உடல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மீட்கும் வாள் வீரனின் கதை அது. இன்றைய பேய், வாள் சண்டைத் தொடர்களுக்கு அதைத் தாத்தா என்று சொல்லலாம். ஆனாலும் கடன் பெருகியது. 1973-இல் முஷி நிறுவனம் திவாலானது. தெசுகாவின் காலம் முடிந்தது என்று பலர் பேசினார்கள்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே 1973-இல் ‘பிளாக் ஜாக்’ என்ற கதையைத் தொடங்கினார். உரிமம் இல்லாமல் அறுவை சிகிச்சை செய்யும் ஒரு விசித்திர டாக்டரின் கதை. அன்று பாதியில் விடாமல் படித்து முடித்த மருத்துவம் இன்று கை கொடுத்தது! அவர் மீண்டும் எழுந்தார். நம் நாட்டில் போதித்த புத்தரின் வாழ்க்கையையும் 1972 முதல் 1983 வரை சித்திரக்கதையாக வரைந்தார்.

படங்களின் தரத்தில் தாம் வைத்த குறையை அவர் மறந்துவிடவில்லை போலும். பிற்காலத்தில், வாரக் கெடு இல்லாமல், நிதானமாகச் சில குறும்படங்கள் எடுத்தார். 1984-இல் வந்த ‘தாவல்’ என்ற படத்தில் தாவித் தாவிச் செல்லும் ஒரு குழந்தையின் கண் வழியே உலகம் முழுவதும் ஓடுகிறது. யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரில் நடந்த விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் தம் 60-ஆம் வயதில் தெசுகா மறைந்தார். மருத்துவமனைப் படுக்கையிலும் வரைவதை நிறுத்தவில்லை. அவர் வாழ்நாளில் வரைந்தவை சுமார் 1,50,000 பக்கங்கள்! கதைப்படி அட்டோமு பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்த நாள் வந்தபோது, ஜப்பானின் நீசா நகரம் அவனைத் தன் குடிமகனாகவே பதிவு செய்துகொண்டது.

உங்களுக்கு ஒரு வேலை

கதையைக் கேட்டு முடித்ததும் அண்ணனும் தங்கையும் சமாதானம் ஆனார்கள். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறதல்லவா? தீப்பொறி தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் நிறையப் படங்கள் வேண்டும். அதற்கு நேரமும் பணமும் வேண்டும். வரைபவருக்கு நியாயமான கூலியும் வேண்டும். ஆனால் பார்ப்பவர் கண்ணில் நீர் வர வேண்டுமானால், கதாநாயகனுக்கு ஒரு மனம் வேண்டும். அதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

அவர்களுடைய அப்பா ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருக்கிறார். அங்கே ரோபோ கைகள் சளைக்காமல் வேலை செய்கின்றன. அவற்றுக்கு அட்டோமுவைப் போல மனம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் மனிதர்களுக்கு உண்டு. தமிழ், இந்தி, ஒடியா, ஜப்பானிய மொழி என்று பேச்சுதான் வேறு வேறு. மொழி புரியாத ஒருவர் உங்களிடம் வழி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தெசுகா பட்ட அடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை! பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். 24 தாள்களின் ஓரத்தில் ஓடும் சிறுவனை ஒவ்வொரு தாளிலும் சற்றே மாற்றி வரையுங்கள். விரலால் சரசரவென்று புரட்டுங்கள். சிறுவன் ஓடுவான்! சினிமாவில் இது ஒரே ஒரு நொடி.

வரைவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் ஏன் ஓடுகிறான்? யாரைத் தேடி ஓடுகிறான்? அது தெரிந்துவிட்டால் உங்கள் படத்துக்கும் உயிர் வந்துவிடும்.