மீனவர்களுக்குப் புயலை முன்கூட்டிச் சொன்னவர்

மழை வருமா என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் இன்று பலரும் குடையை எடுக்கிறோம். இந்த வசதிக்கு அடித்தளமிட்டவர் யார் என்று மாணவர்கள் கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் தலைவர் என்றே பலர் அவரை அறிவர். மீனவர்களுக்காக அவர் ஆற்றிய பணி அதைவிடப் பெரியது என்பேன்.

1805ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் உயர்குடியில் பிறந்த அவர், 12 வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 23 வயதில் பீகிளுக்குத் தலைவரானார். 1829இல் தென் அமெரிக்கக் கரையோரம் கப்பலைத் திடீர்ப் புயல் தாக்கியது. மாலுமிகள் இருவர் கடலில் விழுந்து மாண்டனர். புயலுக்கு முன்பே காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. இளம் தலைவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

காற்றழுத்தமானியின் தத்துவம் எளிது. கண்ணாடிக் குழாயில் உள்ள பாதரசத்தைக் காற்றின் அழுத்தம் தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்தில் அதன் உயரம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர். அழுத்தம் குறைந்தால் பாதரசம் இறங்கும். அது வேகமாக இறங்கினால் பெருங்காற்று வரலாம். தொடக்கத்தில் இக்கருவி செல்வர்களின் பொருளாகவே இருந்தது. லண்டனின் புகழ்பெற்ற கடிகாரக் கைவினைஞர்களான தாமஸ் டாம்பியன், டேனியல் குவார் ஆகியோர் செய்த அழகிய காற்றழுத்தமானிகள் அரண்மனைகளை அலங்கரித்தன.

அதைத் துறைமுகச் சுவருக்குக் கொண்டுவந்தவர் ஃபிட்ஸ்ராய். 1854இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தொடங்கிய வானிலைத் துறைக்கு அவர் தலைவரானார். ஏழை மீனவக் கிராமங்களுக்கு அரசாங்கத்தின் காற்றழுத்தமானிகள் இரவலாக வழங்கப்பட்டன. நெக்ரெட்டி அண்ட் ஸாம்ப்ரா நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. கடலுக்குப் போகுமுன் மீனவர் எவரும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து, 400க்கும் அதிகமானோர் மாண்டனர். தனித்தனிக் கருவிகள் மட்டும் போதாது என்பது தெளிவானது. கரையோர நிலையங்களின் அளவீடுகளைத் தந்திவழி லண்டனில் திரட்டினார் ஃபிட்ஸ்ராய். 1861இல் துறைமுகக் கம்பங்களில் புயல் எச்சரிக்கைச் சின்னங்கள் ஏறின. அதே ஆண்டு ஆகஸ்டில், அவரது வானிலை முன்னறிவிப்பு ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளிவந்தது.

கணிப்பு தவறியபோதெல்லாம் ஏளனம் எழுந்தது. அறிவியலாளர்கள் சிலரும் குறைகூறினர். பொதுப்பணிக்காகச் சொந்தச் செல்வத்தையும் செலவழித்திருந்த அவரைக் கடன் வாட்டியது. உடல்நலக் குறைவும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. 1865 ஏப்ரல் 30ஆம் தேதி, 59ஆவது வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தில் அவருக்குத் தக்க உதவி கிட்டாமல் போனதே என்று இன்றும் என் மனம் வருந்துகிறது.

மறு ஆண்டு அவரது எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. அவற்றின் அருமையைக் கடலோடிகள் அறிந்திருந்தனர். எதிர்ப்பு வலுத்ததால் 1867இல் அவை மீண்டும் தொடங்கின. 2002இல் பிரிட்டன் தன் கடல் வானிலை அறிவிப்பில் ஒரு கடற்பகுதிக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயரிட்டது. தவறிவிடுமோ என்று அஞ்சி அவர் வாய்மூடி இருந்திருந்தால், கரை திரும்பாத படகுகள் இன்னும் பலவாக இருந்திருக்கும்.