நொறுங்கிய கால்கள், சரியாத குறி: கோல்ஃப் உலகுக்கு ‘நிற்க’ கற்றுக்கொடுத்த பென் ஹோகன் யார்?

கோல்ஃப் பழக ஆரம்பித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். கொடி நேராகத் தெரிகிறது, பந்தும் நன்றாகத்தான் படுகிறது, ஆனால் போய் விழுவது மட்டும் எங்கோ! தப்பு பெரும்பாலும் அடியில் இல்லை, அடிப்பதற்கு முன் நிற்கும் விதத்தில் இருக்கிறது. இந்த ‘நிற்கும் விதத்தை’ ஆராய்ச்சி மாதிரி எடுத்துச் செய்தவர் அமெரிக்காவின் பென் ஹோகன். அவர் இறந்து கால் நூற்றாண்டு கடந்தும், அவருடைய புத்தகத்தை வைத்துப் பழகுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹோகன் பிறந்தது 1912-ல், டெக்சாஸ் மாகாணத்தில். அப்பா இரும்புக் கொல்லர். ஹோகனுக்கு 9 வயதாக இருக்கும்போது அப்பா தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அதன்பிறகு ஃபோர்ட் வொர்த் ரயில் நிலையத்தில் பேப்பர் விற்ற சிறுவன், கூடுதல் காசுக்காக கிளென் கார்டன் கிளப்பில் கேடியாகச் சேர்ந்தான். அதாவது, பணக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலை. அதே கிளப்பில் பை சுமந்த இன்னொரு பையன் பைரன் நெல்சன். பின்னாளில் அவரும் சாம்பியன்தான்!

17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். ஆனால் தனிநபர் பட்டம் ஒன்றை ஜெயிக்க 1940 வரை, சுமார் பத்து வருடம் காத்திருந்தார். நடுவில் கையில் காசில்லாமல் ஊர் திரும்பிய காலமும் உண்டு. பிரச்சினை ‘ஹூக்’. வலது கை ஆட்டக்காரர் அடித்த பந்து, கடைசி நேரத்தில் இடப்பக்கம் சட்டென்று வளைந்து ஓடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் மணிக்கணக்கில் பயிற்சி. பிடி, கால், தோள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

ரயில் தண்டவாளக் கணக்கு

இங்கே அடிப்படையைச் சொல்லிவிடலாம். இரண்டு தண்டவாளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளித் தண்டவாளத்தில் பந்து. அது இலக்கை நோக்கிப் போகிறது. உள் தண்டவாளத்தில் உங்கள் கால்விரல்கள். கால், இடுப்பு, தோள் மூன்றும் அந்த உள் தண்டவாளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படியென்றால், வலது கை ஆட்டக்காரரின் உடம்பு கொடியைப் பார்க்காது, கொடிக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும். கொடியைப் பார்க்க வேண்டியது மட்டையின் முகம் மட்டும்தான்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தோளைக் கொடிக்கு நேராகத் திருப்பி, காலை ஊன்றி, கடைசியில் மட்டையை வைக்கிறார்கள். மட்டையும் உடம்போடு சேர்ந்து வலப்பக்கம் போய்விடும். முதலில் மட்டை முகம், அப்புறம் கால். அவ்வளவுதான் விஷயம்.

ஹோகன் இதற்குமேல் ஒரு படி போனார். வலது பாதம் பந்து போகும் கோட்டுக்குச் செங்குத்தாக, இடது பாதம் கால் திருப்பம் வெளியே. ஏன்? வலது பாதம் நேராக இருந்தால் மட்டையைப் பின்னால் தூக்கும்போது இடுப்பு அளவுக்கு மீறிச் சுழலாது. இடது பாதம் திறந்திருந்தால் அடிக்கும்போது இடுப்பு தடையில்லாமல் திரும்பும். அழகுக்காகச் சொன்ன விதி இல்லை இது.

பஸ் மோதிய காலை

1949 பிப்ரவரி 2. வான் ஹார்ன் என்ற ஊருக்கு அருகே பனிமூட்டத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். லாரியை முந்தி வந்த ஒரு பஸ் நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் இருந்த மனைவி வேலரியைக் காப்பாற்ற ஹோகன் குறுக்கே பாய்ந்தார். அந்தப் பாய்ச்சல் அவரையும் காப்பாற்றியது; ஸ்டியரிங் கம்பி டிரைவர் சீட்டைத் துளைத்துவிட்டிருந்தது. இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் முறிவு. பிறகு ரத்தக்கட்டிகள் நகர ஆரம்பித்ததால், இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயையே கட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். அதன் விலை, வாழ்நாள் முழுக்க வீங்கும் கால்கள். நடப்பதே சந்தேகம் என்று பேச்சு.

16 மாதம் கழித்து, பிலடெல்பியா அருகே மெரியான் மைதானத்தில் அமெரிக்க ஓபன். கடைசி நாளில் 36 குழி! கால்களில் கட்டோடு தடுமாறியபடி கடைசிக் குழிக்கு வந்தார். பிளே-ஆஃபுக்குப் போகவே அங்கே ‘பார்’ வேண்டும், 200 கெஜத்துக்கும் மேல் தூரம். அடிக்கவே கஷ்டமான 1-அயர்ன் மட்டையை எடுத்து கிரீனில் நிறுத்தினார். அந்த அடியின் முடிவில் அவர் நின்ற நிலையை ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த படம் கோல்ஃபிலேயே புகழ்பெற்றது. மறுநாள் பிளே-ஆஃபில் 69 அடித்து ஜெயித்தார்.

1953-ல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓபன், பிரிட்டிஷ் ஓபன் மூன்றும் அவருக்கே. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தின் 6-வது குழி, குறி வைப்பதற்கு ஒரு பாடம். வலப்பக்கம் பாதுகாப்பு. இடப்பக்கமோ மணற்குழிகளுக்கும் எல்லை வேலிக்கும் நடுவே ஒரு சின்ன சந்து. ஆனால் அங்கே விழுந்தால் அடுத்த அடி லேசு. ஹோகன் குறி வைத்தது அந்தச் சந்துக்குத்தான். இன்று அந்தக் குழிக்குப் பெயரே ‘ஹோகன் சந்து’.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

1957-ல் வந்த ‘ஃபைவ் லெசன்ஸ்’ புத்தகம், ஹெர்பர்ட் வாரன் விண்ட் உதவியுடன் எழுதியது. கால்கள், தோள்கள், பந்திலிருந்து தோள்வரை சாய்ந்து நிற்கும் கண்ணாடிப் பலகை என்று ஆந்தனி ரவியெலி வரைந்த படங்கள் அதன் பாதி பலம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோகன் வாழ்க்கை முழுக்கச் சண்டை போட்டது ஹூக்கோடு. சாதாரண ஆட்டக்காரர்களில் பலருக்கோ நேர் எதிர்ப் பிரச்சினை. பந்து வலப்பக்கம் வளையும் ‘ஸ்லைஸ்’. அவர்கள் ஹோகனின் பிடியை அப்படியே காப்பி அடித்தால் நிலைமை மோசமாகும். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பதும் அதே கதைதான். மட்டை குறுக்காக வெட்டி, வளைவு கூடும். பிடி ஆளுக்கு ஆள் மாறலாம், தண்டவாளக் கணக்கு மாறாது.

சரிபார்க்க, பயிற்சியின்போது தரையில் இரண்டு குச்சிகளை இணையாக வைத்து நின்று பார்க்கலாம். போட்டியில் அது செல்லாது. கேடி பின்னால் நின்று நேர் பார்த்துச் சொல்வதையும் 2019 விதிகள் தடுத்துவிட்டன.

1955 அமெரிக்க ஓபனில் ஹோகன் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெரிதாக யாருக்கும் தெரியாத ஜாக் ஃபிளெக் சமன் செய்து, பிளே-ஆஃபில் அவரைத் தோற்கடித்தார். ஃபிளெக் கையில் இருந்தவை ஹோகனின் சொந்த கம்பெனி தயாரித்த மட்டைகள்! அதன்பிறகு அவர் ஒரு மேஜர் பட்டமும் வெல்லவில்லை. 9 மேஜர்களோடு, 1997 ஜூலை 25 அன்று ஃபோர்ட் வொர்த்தில் 84 வயதில் காலமானார். மெரியானில் அன்று காணாமல் போன அந்த 1-அயர்ன், பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்து, இப்போது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.