வெள்ளாற்றங்கரை இரும்புலையும் ஜோசையா மார்ஷல் ஹீத்தும்

தம்மம்பட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மரச் சிற்பக் கலையே. அவ்வூருக்குத் தென்மேற்கே எழும் கொல்லிமலை இரும்புத்தாது செறிந்த மலை என்பதைப் பலர் அறியார். அம்மலையில் தோன்றித் தம்மம்பட்டி வழியே ஓடும் சுவேதநதி, வசிட்ட நதியோடு கலந்து வெள்ளாறாகிப் பறங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. நம் முன்னோர் மகமூதுபந்தர் என அழைத்த அத்துறைமுகத்தில், சேலத்துத் தாதை நம்பி 1830இல் மேனாட்டு முறையில் இரும்பாலை எழுப்பியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர்.

ஹீத், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். சேலத்துக் கொல்லர் சிற்றுலைகளில் இரும்பு உருக்குவதைக் கண்டு வியந்தார். நிலையான ஊதியமும் மதிப்பும் தந்த பணியைத் துறந்து இரும்பின் பின்னே சென்றார். கும்பினி அவருக்குக் கடனுதவியும், மேனாட்டு முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையும் அளித்தது. 1833இல் அவரது முயற்சி இந்திய எஃகு, இரும்பு, குரோம் நிறுவனமாக விரிவடைந்தது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

கொல்லரின் உலை களிமண்ணால் ஆனது. சிதைந்தால் மறுநாளே மண் குழைத்துச் செப்பனிடலாம். மேனாட்டு ஊதுலையின் நிலை வேறு. அது பல மாதங்கள் இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும். உருகிய இரும்பும் கசடும் உட்சுவரை இடைவிடாது அரிக்கும். தீச்செங்கல்லாலோ தீயைத் தாங்கும் மணற்கல்லாலோ அமைந்த அவ்வுட்சுவர் கரைந்துவிட்டால் உலையையே அணைக்க நேரிடும். ஆகவே தாதும் கரியும் கிடைத்தால் மட்டும் போதாது. தீயைத் தாங்கும் மண்ணும் கல்லும் வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்று கூறத் தோன்றுகிறது. ஹீத்தின் நிறுவனம் குரோமியத் தாது எடுத்தது சேலத்தை அடுத்த வெள்ளைக்கல் குன்றுகளில். அவ்வெள்ளைக்கல்லே மாக்னசைட்டு. அதனைச் சுட்டுச் செய்யும் செங்கல் எஃகு உலைகளுக்கு உள்ளுறை ஆகும் என்பது, 1870களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் காரத்தன்மையுள்ள உள்ளுறையின் பயனை மெய்ப்பித்த பின்னரே உலகிற்கு விளங்கிற்று. ஹீத்தின் ஆட்கள் குரோமியத்திற்காகத் தோண்டிய குன்றிலேயே அது வெயிலில் வெண்மையாய்க் கிடந்தது.

தீயைத் தாங்கும் மண்ணை அறிந்தவர் நம் கொல்லர். ஊட்ஸ் என மேனாட்டார் பெயரிட்ட எஃகை அவர்கள் ஆக்கிய முறையை ஹீத் நுணுக்கமாக எழுதிவைத்தார். அவரது கட்டுரை 1839இல் இலண்டன் இராயல் ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. களிமண்ணோடு கரித்த நெல்லுமியை மிகுதியாகக் கலந்து மூசை செய்வர். இரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் அதனுள் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். ஆறிய மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். உமியிலுள்ள சிலிக்காவும் கரியுமே அம்மூசைக்கு உறுதி தந்தன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எகிப்தியர் கல்தூண்களைச் செதுக்கிய உளிகள் இந்திய எஃகே என்றும் ஹீத் வாதிட்டார். அதற்குச் சான்று போதாது. ஆயினும் நம் கொல்லர்பால் அவர் கொண்ட மதிப்பை அது உணர்த்துகிறது.

பறங்கிப்பேட்டை ஆலை இலாபம் காணவில்லை. தாது தொலைவிலிருந்து வந்தது. மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன. இந்த இழப்பை நாம் மறைத்து எழுதுதல் முறையன்று. இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839இல் மாங்கனீசையும் கரியையும் சேர்த்து ஆக்கிய ஒரு பொருளை மூசையில் சிறிதளவு இட்டு, உள்நாட்டு இரும்பிலேயே நல்ல எஃகு பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்த செஃபீல்டு நகர ஆலைகளுக்கு அது பெரும் விடுதலை ஆயிற்று. எஃகின் விலை பெரிதும் குறைந்தது.

அவரது முகவர் அன்வின் என்பார், அப்பொருளைத் தனியே ஆக்காமல் மாங்கனீசுத் தாதையும் கரித்தாரையும் நேரே மூசைக்குள் இட்டார். இவ்வெளிய வழியைச் சொல்லிக் கொடுத்தவரும் ஹீத்தே. காப்புரிமைப் பத்திரத்தில் அது இல்லை எனக் கூறி அன்வின் உரிமைத்தொகை தர மறுத்தார். இதில் ஒரு வியப்பைக் காண்கிறோம். கரி தரும் குச்சியையும் இலையையும் இரும்போடு நேரே இட்டு, மூசைக்குள்ளேயே மாற்றம் நிகழவிட்ட சேலத்துக் கொல்லரின் வழியும் இதுவன்றோ! அதனை நேரில் கண்டு எழுதியவர், தம் பத்திரத்தில் அதற்கு இடம் வைக்க மறந்தார்.

வழக்கு பல்லாண்டு நீடித்தது. செஃபீல்டு ஆலையர் பலர் செல்வராயினர். ஹீத் 1851இல் வறுமையில் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அன்வினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பறங்கிப்பேட்டை ஆலை வேறு நிறுவனத்தின் கைக்கு மாறி, 1860களில் அடங்கிற்று. மலிவான ஆங்கிலேய இரும்பு வந்து குவிய, ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் இட்டு எஃகு ஆக்கிய கொல்லரும் காலப்போக்கில் உலையைக் கைவிட்டனர். அவர்களுள் ஒருவரது பெயரையேனும் ஹீத் தம் கட்டுரையில் குறித்திருக்கலாம்.